உள்ளேயும் லினக்ஸ், வாசலிலும் லினக்ஸ்: மேகவழி விளையாட்டின் வரலாற்றில் ‘ஆதரவு’ என்ற சொல்

கணினி விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் விளையாட்டுகளைப் பற்றியும் அவற்றை உருவாக்கிய நிறுவனங்களைப் பற்றியும் எழுதுகின்றனர். ஒரு விளையாட்டு எந்த இயங்குதளத்தில் இயங்கியது, அதை இயக்க யாருக்கு அனுமதி இருந்தது என்ற கேள்வி அடிக்குறிப்பிலேயே தங்கிவிடுகிறது. அந்த அடிக்குறிப்பை மையத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பதே இந்த நீள்பதிவின் நோக்கம். மேகவழி விளையாட்டுச் சேவைகளும் அவற்றில் லினக்ஸுக்குக் கிடைத்த இடமும் இதன் பொருள்.

மேகவழி விளையாட்டில், விளையாட்டு நம் கணினியில் இயங்குவதில்லை. தொலைவிலுள்ள தரவு மையத்தில் ஒரு வழங்கி அதை இயக்குகிறது. அதன் காட்சியை நொடிக்கு 60 சட்டகங்கள் போன்ற வேகத்தில் காணொலியாகச் சுருக்கி நமக்கு அனுப்புகிறது. நம் விசையழுத்தங்களும் சுட்டியின் அசைவுகளும் எதிர்த்திசையில் அங்கே செல்கின்றன. நம் பக்கத்தில் வேண்டியவை மூன்று: காணொலியை விரித்துக் காட்டும் திறன், உள்ளீட்டைப் பெற்று அனுப்பும் திறன், தாமதம் குறைந்த இணைய இணைப்பு. கோட்பாட்டளவில், பயனரின் இயங்குதளம் விண்டோஸா, மேக்கா, லினக்ஸா என்ற வேறுபாடு இங்கே பொருளற்றுப் போயிருக்க வேண்டும்.

நடந்தது வேறு. ஆன்லைவ் சேவை 2010 ஜூனில் அமெரிக்காவில் தொடங்கியது. சோனி, கூகுள், மைக்ரோசாஃப்ட், அமேசான், என்விடியா ஆகிய பெருநிறுவனங்களுள் ஒன்று பொதுவான லினக்ஸ் மேசைக்கணினிக்கெனத் தனிச் செயலியை அறிவிப்பதற்கு 2026 ஜனவரி ஆகிவிட்டது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் தொழில்நுட்பத் தடை என்று சொல்லத்தக்கது சிறிதே. எனில், தடுத்தது எது?

1. முன்வரலாறு: 75 டாலர் ஆட்டம்

இக்கதையை 2010இல் தொடங்குவது வழக்கம். 1969இல் தொடங்குவதே பொருத்தம் என்பேன்.

அவ்வாண்டு பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் ‘ஸ்பேஸ் டிராவல்’ என்ற விளையாட்டை எழுதினார். சூரியக் குடும்பத்தின் கோள்களுக்கிடையே ஒரு விண்கலத்தைச் செலுத்துவதே ஆட்டம். பலர் பங்கிட்டுப் பயன்படுத்திய ஜி.இ. நிறுவனத்தின் பெருங்கணினியில் அது இயங்கியது. டென்னிஸ் ரிட்சி பின்னாளில் எழுதிய வரலாற்றில் அதன் இரு குறைகளைப் பதிவு செய்திருக்கிறார். கட்டளைகளைத் தட்டச்சு செய்துதான் ஆட வேண்டியிருந்ததால் காட்சி வெட்டி வெட்டி நகர்ந்தது. கட்டுப்படுத்தவும் கடினமாக இருந்தது. அத்துடன், ஒருமுறை ஆட ஏறத்தாழ 75 டாலர் பெறுமான கணினி நேரம் செலவானது. அதிகம் பயன்படாமல் கிடந்த பி.டி.பி.-7 என்ற சிறிய கணினியைத் தாம்சன் தேடிக்கண்டு, விளையாட்டை அதற்கு மாற்றினார். அக்கணினிக்காக அவர் எழுதத் தொடங்கிய கருவிகளிலிருந்தும் கோப்பு முறைமையிலிருந்துமே யூனிக்ஸ் உருவானது.

யூனிக்ஸின் நிரல் வரிகளை எடுத்துக்கொள்ளாமல், அதன் வடிவமைப்பைப் பின்பற்றி 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கருவகமே லினக்ஸ். ஆக, லினக்ஸின் மரபுவழியில் முதலில் நிற்பது ஒரு விலகல்: தொலைவிலுள்ள, பொதுவான, விலைமிக்க கணினியிலிருந்து, அருகிலுள்ள, தன் கைக்கு அடங்கிய கணினிக்கு ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தது. மேகவழி விளையாட்டு அதே பயணத்தைத் திருப்பிச் செய்கிறது. தாமதம், கட்டணம் என்னும் அதே இரு குறைகளும் இன்றும் அதன் விவாதங்களில் முதலிடம் பெறுகின்றன.

2. முதல் அலை: ஆன்லைவும் கைகாயும்

2000களின் தொடக்கத்திலேயே பின்லாந்தைச் சேர்ந்த ஜி-கிளஸ்டர் நிறுவனம் இத்தொழில்நுட்பத்தைக் காட்சிப்படுத்தியிருந்தது. பரவலான கவனத்தைப் பெற்ற முதல் சேவை ஸ்டீவ் பெர்ல்மனின் ஆன்லைவ். 2009 மார்ச்சில் அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டு ஜூனில் விண்டோஸுக்கும் மேக்குக்கும் செயலிகளுடன் தொடங்கியது. தொலைக்காட்சியில் இணைப்பதற்கென ஒரு சிறு பெட்டியையும் அந்நிறுவனம் விற்றது. டேவிட் பெர்ரியின் கைகாய், உலாவி வழியே விளையாட்டுகளின் முன்னோட்டங்களை வழங்கியது; 2012 ஜூலையில் சோனி அதை 380 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆன்லைவ் நிதி நெருக்கடியில் சிக்கிக் கைமாறியது. 2015 ஏப்ரலில் அதன் காப்புரிமைகள் சோனியிடம் சென்றன; சேவை நின்றது.

கைகாயின் அடித்தளத்தில் எழுந்த பிளேஸ்டேஷன் நவ், 2016இல் விண்டோஸ் கணினிகளுக்கு வந்தது, லினக்ஸுக்கு வரவில்லை. இங்கே ஒரு பின்னணியை நினைவில் கொள்வது நலம். பிளேஸ்டேஷன் 3 கருவியில் லினக்ஸை நிறுவிக்கொள்ளும் வசதியைத் தொடக்கத்தில் தந்ததும் சோனிதான். 2010 ஏப்ரல் 1 அன்று வெளியான மென்பொருள் புதுப்பிப்பின் மூலம் பாதுகாப்பைக் காரணம் காட்டி அந்த வசதியை அது நீக்கியது; வாங்கியபோது இருந்த வசதி பறிக்கப்பட்டதாகக் கூறி அமெரிக்காவில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. பயனர் விலை கொடுத்து வாங்கிய கருவியின் தன்மையை, விற்ற நிறுவனம் பிறகும் தொலைவிலிருந்து மாற்ற முடியும் என்பதைப் பலருக்கும் உணர்த்திய நிகழ்வு அது.

முதல் அலையில் லினக்ஸ் விடுபட்டதற்கு எளிய விளக்கம் ஒன்று உண்டு. மேசைக்கணினிகளில் அதன் பங்கு மிகக் குறைவு, வழங்கல்கள் பல, ஒலி, காணொலி, கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கையாண்டது. ஒரு சிறு நிறுவனம் அதைத் தவிர்த்ததில் வியப்பில்லை. இவ்விளக்கம் போதுமானதா என்பதை அடுத்து வந்த நிகழ்வு சோதித்தது.

3. ஸ்டேடியா: உள்ளே வந்த லினக்ஸ்

2019 மார்ச் 19 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் கூகுள் ஸ்டேடியாவை அறிவித்தது. அதன் வழங்கிகளில் இயங்கியது டெபியன் லினக்ஸ். காட்சியை வரைவதற்குக் குரோனோஸ் கூட்டமைப்பு 2016இல் வெளியிட்ட வல்கன் என்ற திறந்த இடைமுகம் பயன்பட்டது. வரைகலைச் செயலியை ஏ.எம்.டி. வடிவமைத்துத் தந்தது. ஒரு விளையாட்டு ஸ்டேடியாவுக்கு வரவேண்டுமெனில், விண்டோஸையும் டைரக்ட்3டியையும் விட்டு, லினக்ஸிலும் வல்கனிலும் இயங்கும்படி அதை மாற்றியமைக்க வேண்டும்.

லினக்ஸ் பயனர்களிடையே இவ்வறிவிப்பு பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியது. பெரும் பொருட்செலவில் உருவாகும் விளையாட்டுகளின் நிறுவனங்கள் லினக்ஸுக்கு எழுதிப் பழகிவிட்டால், அந்த உழைப்பு விரைவில் மேசைக்கணினிக்கும் வந்துசேரும் என்று கருதினர். அவ்வாண்டு நவம்பர் 19 அன்று 14 நாடுகளில் சேவை தொடங்கியது. இந்தியா அப்பட்டியலில் இல்லை, பின்னரும் சேர்க்கப்படவில்லை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, டெஸ்டினி 2 போன்ற விளையாட்டுகள் முதன்முறையாக லினக்ஸில் இயங்கின. ஆனால் அந்த லினக்ஸ் கூகுளின் தரவு மையத்துக்குள் இருந்தது.

எதிர்பார்ப்பு பொய்த்தது ஏன்? ஸ்டேடியாவுக்கென எழுதப்பட்டவை கூகுளின் சொந்தக் கருவித்தொகுப்போடும் கணக்கு முறைமையோடும் பிணைந்திருந்தன. அவை அறிந்திருந்த வன்பொருள் ஒன்றே ஒன்று. ஆயிரக்கணக்கான வன்பொருள் சேர்க்கைகளுள்ள மேசைக்கணினி உலகுக்கு அவற்றைக் கொண்டுவருவதற்கு மேலும் உழைப்பு தேவைப்பட்டது. அதைவிட முக்கியமானது, விற்ற பிறகு குறைகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு. தரவு மையத்தில் அப்பொறுப்பைக் கூகுள் ஏற்றது. மேசைக்கணினியில் ஏற்க எவரும் முன்வரவில்லை.

டெஸ்டினி 2 இதற்குத் தெளிவான சான்று. ஸ்டேடியாவின் லினக்ஸ் வழங்கிகளில் அது மூன்று ஆண்டுகளுக்கு மேல் இயங்கியது. அதே காலத்தில், 2022இல், லினக்ஸ் அடிப்படையிலான ஸ்டீம் டெக் வெளியானபோது, அக்கருவியின் லினக்ஸில் தன் விளையாட்டுக்கு இடமில்லை என்றும், தடையைச் சுற்றிச் செல்ல முயல்வோரின் கணக்கு முடக்கப்படும் என்றும் பங்கி நிறுவனம் அறிவித்தது. ஒரே விளையாட்டு, ஒரே கருவகம். நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலுள்ள லினக்ஸுக்கு வரவேற்பும் பயனரின் கட்டுப்பாட்டிலுள்ள லினக்ஸுக்குத் தடையும் ஒரே நேரத்தில் நிலவின. பயனர்பங்கின் சிறுமையை மட்டும் கொண்டு இதை விளக்க இயலாது. ஏமாற்று ஆட்டத்தைத் தடுப்பது பற்றிய நிறுவனத்தின் கவலைக்கு நியாயம் உண்டு. ஆயினும் அந்தக் கவலையின் மையத்தில் இருப்பது இயந்திரம் யாருடைய ஆளுகையில் உள்ளது என்ற கேள்வியே.

2022 செப்டம்பர் 29 அன்று கூகுள் ஸ்டேடியாவை மூடப்போவதாக அறிவித்தது. 2023 ஜனவரி 18 அன்று சேவை நின்றது. ஸ்டேடியா கடையில் வாங்கிய விளையாட்டுகளுக்கும் கூகுள் கடையில் வாங்கிய கருவிகளுக்கும் பணம் திருப்பித் தரப்பட்டது. கட்டுப்பாட்டுக் கருவியைப் பிற கணினிகளில் பயன்படுத்துவதற்காக அதன் புளூடூத் வசதியும் திறந்துவிடப்பட்டது. நுகர்வோர் நோக்கில் இது நேர்மையான முடிவு. வரலாற்றாளரின் நோக்கில் நிலைமை வேறு. அந்த லினக்ஸ் வடிவங்களின் படி எந்தப் பயனரிடமும் இல்லை, இருந்திருக்கவும் முடியாது. ‘அவுட்காஸ்டர்ஸ்’ போன்று ஸ்டேடியாவில் மட்டுமே வெளியான விளையாட்டு, சேவையோடு சேர்ந்து மறைந்தது.

4. உலாவி என்னும் இடைவெளி

ஸ்டேடியாவை லினக்ஸ் மேசைக்கணினியின் குரோம் உலாவியிலும் ஆட முடிந்தது. உலாவிகள் வெப்ஆர்டிசி என்ற நேரடித் தொடர்பு நெறிமுறையைப் பொதுவாகக் கொண்டிருந்தமையே இதற்குக் காரணம். கூகுள் 2011இல் திறந்த மூலமாக வெளியிட்ட இந்நெறிமுறையை, உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2021 ஜனவரியில் முறையான தரமாக ஏற்றது. இதன் விளைவாக, நிறுவனங்கள் எண்ணிப் பார்க்காத ஒரு வழி லினக்ஸுக்குத் திறந்தது.

என்விடியாவின் ஜீஃபோர்ஸ் நவ் இதற்கு எடுத்துக்காட்டு. 2015 அக்டோபரில் அந்நிறுவனத்தின் ஷீல்டு கருவிகளுக்கெனத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் பொதுச் சேவையானது. ஷீல்டு இயங்கியது ஆண்ட்ராய்டில். 2020 ஆகஸ்டில் உலாவி வழியே சேவை பெற்ற குரோம்புக் இயங்கியது குரோம் ஓ.எஸ்ஸில். இரண்டின் அடியிலும் இருப்பது லினக்ஸ் கருவகம். எனவே இச்சேவை முதல் நாள் முதலே லினக்ஸில் இயங்கியது என்று சொல்வது பிழையாகாது. நிறுவனம் பெயர் சொல்லிப் பராமரித்த லினக்ஸ்கள் உள்ளே வந்தன. பயனர் தாமே நிறுவிக்கொண்ட லினக்ஸ் பட்டியலில் இல்லை.

பயனர்கள் இவ்விடைவெளியைப் பயன்படுத்தினர். ஒவ்வோர் உலாவியும் தான் யார், எந்த இயங்குதளத்தில் உள்ளேன் என்பதை ஓர் அடையாளச் சரத்தால் வலைத்தளத்துக்கு அறிவிக்கிறது. அச்சரத்தை மாற்றி, தம் லினக்ஸ் கணினியைக் குரோம்புக் என அறிவித்து உள்ளே நுழைந்தவர்கள் பலர். விளையாட்டும் இயங்கியது. ஆனால் குரோம் உலாவி லினக்ஸில் வன்பொருள் வழிக் காணொலி விரிப்பை நெடுங்காலம் இயல்பாகத் தரவில்லை. ஃபயர்பாக்ஸ், இன்டெல் செயலிகளுக்கு அதை 2023 ஜூலையில்தான் இயல்பாக்கியது. நொடிக்கு 60 சட்டகங்கள் எனில் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. அதற்குள் மையச் செயலியே காணொலியை விரிக்க வேண்டியிருந்ததால், எளிய கணினிகளில் தாமதமும் வெப்பமும் கூடின.

மைக்ரோசாஃப்டின் பாதையும் இதே காலத்தில் திரும்பியது. 2001இல் அதன் தலைமைச் செயல் அலுவலர் ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டார். இருபது ஆண்டுகள் கழித்து, 2021 நவம்பரில், அந்நிறுவனம் தன் எட்ஜ் உலாவியின் நிலையான பதிப்பை லினக்ஸுக்கு வெளியிட்டது. 2022 மார்ச்சில், ஸ்டீம் டெக்கில் எட்ஜை நிறுவி எக்ஸ்பாக்ஸ் மேகவழி விளையாட்டைப் பெறுவது எப்படி என்ற வழிகாட்டியை அதுவே வெளியிட்டது. லினக்ஸ் முனையத்தில் தட்டச்சு செய்ய வேண்டிய கட்டளையும் அதில் இருந்தது.

5. பங்கு முதலா, ஆதரவு முதலா?

மைக்ரோசாஃப்டின் வழிகாட்டிக்குக் காரணமான ஸ்டீம் டெக், மேகவழி விளையாட்டின் விளைபொருள் அன்று. அதன் வேர் வேறிடத்தில் உள்ளது. விண்டோஸ் 8 தன் மென்பொருள் கடையை உள்ளே கொண்டுவந்தபோது, வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல் 2012இல் அதை வெளிப்படையாகக் கடிந்தார். 2013 பிப்ரவரியில் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2015இல் வெளியான ஸ்டீம் மெஷின்கள் வெற்றி பெறவில்லை. 2018 ஆகஸ்டில் வால்வ், புரோட்டானை வெளியிட்டது. தன்னார்வலர்கள் 1993 முதல் வளர்த்துவந்த வைன் திட்டத்தையும், டைரக்ட்3டி கட்டளைகளை வல்கனாக மாற்றும் டி.எக்ஸ்.வி.கே. திட்டத்தையும் அது இணைத்தது. விண்டோஸுக்கென எழுதிய விளையாட்டை மாற்றாமலே லினக்ஸில் இயக்குவது அதன் பணி.

ஸ்டேடியா விளையாட்டு நிறுவனங்களிடம் உழைப்பைக் கேட்டது, புரோட்டான் கேட்கவில்லை. கூகுளும் இதை உணர்ந்தது என்பதற்குச் சான்று உண்டு: விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் இயக்கும் மென்பொருளை எழுதுவது எப்படி என்ற உரை 2022 மார்ச்சில் கூகுளின் உருவாக்குநர் மாநாட்டிலேயே இடம்பெற்றது. காலம் கடந்திருந்தது.

2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக் வெளியானது. ஸ்டீம் பயனர் கணக்கெடுப்பில் 2021இன் நடுவில் ஏறத்தாழ 1 விழுக்காடாக இருந்த லினக்ஸின் பங்கு, 2025 அக்டோபரில் 3 விழுக்காட்டைக் கடந்தது. என்விடியா 2025 மே மாதத்தில் ஸ்டீம் டெக்குக்கெனத் தனிச் செயலியை வெளியிட்டது. 2026 ஜனவரியில், உபுண்டு 24.04இல் தொடங்கி, பொதுவான லினக்ஸ் கணினிகளுக்கும் செயலியை அறிவித்தது. பயனர்பங்கு குறைவு, ஆகவே ஆதரவு இல்லை என்ற வாதத்தை இவ்வரிசை தலைகீழாக்குகிறது. ஒரு நிறுவனம் பொறுப்பேற்றபின் பங்கு வளர்ந்தது. பங்கு வளர்ந்தபின் மற்றவை வந்தன.

ஆனால் இதை வெற்றிக் கதையாக மட்டும் வாசிப்பது தவறு. ஸ்டீம் டெக்கின் லினக்ஸில் ஃபோர்ட்நைட் வராது என்று எபிக் நிறுவனத்தின் டிம் ஸ்வீனி 2022இல் தெரிவித்தார். பயனரே மாற்றியமைத்துக்கொள்ளக்கூடிய கருவகங்களில் ஏமாற்றைத் தடுக்க இயலுமா என்ற ஐயத்தை அதற்குக் காரணமாகக் கூறினார். அவ்வாண்டு மே மாதத்திலேயே ஃபோர்ட்நைட் எக்ஸ்பாக்ஸ் மேகவழிச் சேவையில் கட்டணமின்றி வந்தது. லினக்ஸ் உலாவியிலும் அதை ஆட முடிந்தது. பயனருக்கு ஒரு வழி கிடைத்தது உண்மை. ஆனால் தன் இயந்திரத்தில் இயக்கும் உரிமைக்கு மாற்றாக, பிறர் இயந்திரத்தில் இயங்குவதைப் பார்த்து ஆடும் அனுமதி கிடைத்தது. தாம்சன் 1969இல் விட்டு விலகிய இடம் அது.

6. மாற்று மரபு

மேகவழித் தொழில்நுட்பத்தின் இயல்பே இதுதானா? அல்ல என்பதற்கு மூன்லைட் சான்று. என்விடியா, ஒருவர் தம் வீட்டுக் கணினியிலிருந்து தம் மற்றொரு கருவிக்கு விளையாட்டை அனுப்பும் கேம்ஸ்ட்ரீம் என்ற வசதியை வழங்கியது. அதன் நெறிமுறையைப் புரிந்துகொண்டு, கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக மாணவர்கள் 2013இல் ஒரு நிரலாக்கப் போட்டியில் தொடங்கிய கட்டற்ற மென்பொருளே, பின்னர் மூன்லைட் எனப் பெயர் பெற்றது. அது லினக்ஸிலும் இயங்கியது. 2023இல் என்விடியா கேம்ஸ்ட்ரீமைக் கைவிட்டது. அதற்குள், அனுப்பும் பக்கத்தையும் கட்டற்ற மென்பொருளாகத் தரும் சன்ஷைன் என்ற திட்டம் உருவாகியிருந்தது. மூல நிறுவனம் விலகிய பின்னும் நெறிமுறை வாழ்கிறது. அதே ஆண்டு ஸ்டேடியா மறைந்தபோது அதன் லினக்ஸ் வடிவங்கள் எவருக்கும் எஞ்சவில்லை. இரண்டின் தொழில்நுட்பமும் ஒரே வகை. இயந்திரம் யாரிடம் இருந்தது, நிரல் யாரிடம் இருந்தது என்பதே வேறுபாடு.

7. ஆய்வுக்கான சில குறிப்புகள்

‘லினக்ஸ் ஆதரவு’ என்ற தொடரை ஒரு தொழில்நுட்பப் பண்பாகவே நாம் வாசித்துப் பழகியிருக்கிறோம். மேற்கண்ட வரலாறு அதில் மூன்று நிலைகளைக் காட்டுகிறது. இயங்குகிறது என்பது ஒன்று. அடையாளச் சரத்தை மாற்றி நுழைந்தோரின் நிலை அது. தடுக்கப்படவில்லை என்பது அடுத்தது. உலாவிவழிச் சேவைகளின் நிலை அது. குறை ஏற்பட்டால் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் எந்த அறிவிப்புமின்றி ஒரே நாளில் மறையக்கூடியவை. மூன்றாவதும் நிறுவனத்தின் ஆயுள்வரைதான். பிரான்ஸின் ஷேடோ சேவை 2019லேயே லினக்ஸ் செயலியைச் சோதனை வடிவில் தந்தது. அதை நடத்திய நிறுவனம் 2021இல் நொடித்து, வேறு கைக்கு மாறிய பின்னரே சேவை தொடர்ந்தது.

நூல்களுக்கு இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் சட்டம் ஒரு பாதுகாப்பை அளிக்கிறது. வெளியீட்டாளர் தம் நூலின் படியைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட பிற மூன்று நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். பதிப்பகம் மூடப்பட்டாலும் நூல் நமக்குக் கிடைக்கிறது. நூல்களையும் இதழ்களையும் கருதி எழுதப்பட்ட அச்சட்டத்தில் மென்பொருளுக்கு இடமில்லை. வட்டில் விற்ற விளையாட்டையேனும் யாரோ ஒருவர் பாதுகாத்து வைத்திருக்கக்கூடும். படியே விநியோகிக்கப்படாத ஒரு படைப்பை எந்த நூலகம் கேட்டுப் பெறும்? என்விடியா தன் சேவையை இந்தியாவுக்கும் கொண்டுவருவதாக 2025 ஜனவரியில் அறிவித்துவிட்ட நிலையில், இக்கேள்வி நமக்கும் உரியதாகிறது.

இத்துறையில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்கள் உடனே தொடங்கக்கூடிய பணி ஒன்றுண்டு. சேவைகளின் உதவிப் பக்கங்கள், அவை வெளியிட்ட இயங்குதளப் பட்டியல்கள், பயனர்கள் எழுதிவைத்த மாற்றுவழிக் குறிப்புகள் ஆகியவற்றைத் தேதியுடன் சேகரியுங்கள். விளையாட்டு மறைந்த பிறகு, அது எங்கே இயங்கியது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதற்கு எஞ்சும் ஆவணங்கள் அவைதாம். சேவை நிற்கும் நாளில் அவையும் அழிகின்றன.